ஏ. கே. செட்டியாரும் அவர் முடித்த படமும்

ஒரு காரியத்தைத் தொடங்குவார் பலர். அதனை முடிப்பார் சிலர். தொடங்குவதற்கு ஊக்கம் ஒன்றே போதும். முடிப்பதற்கோ ஊக்கத்தோடு பொறுமையும், பொறுமையோடு துணிவும் வேண்டும். இவ்வுண்மை எல்லாத் தொழிலுக்கும் பொதுவேயாயினும், இந்நாளில் மாணவர் பெரிதும் விரும்பி மேற்கொள்ளும் குறும்படத் தொழிலுக்குச் சிறப்பாகப் பொருந்துவதாகும்.

கைபேசியே படக்கருவியாகிவிட்ட இக்காலத்தில் படம் பிடித்தல் மிக எளிதாயிற்று. குறுக்குத்துறைப் படிகளிலும், பாபநாசத்து மலையடியிலும், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் அருகிலும் இளைஞர் கூடி நின்று ஆற்றைப் படமெடுப்பதை நாம் காண்கிறோம். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தாமிரபரணி பெருவெள்ளமாய்ப் பொங்கியபோது, நம் பள்ளத்தாக்கில் கைபேசி வைத்திருந்தார் பலரும் ஏதேனும் ஒரு காட்சியைப் பதிந்துவைத்தனர். அவ்வாறு பதிந்தவற்றுள் எத்தனை காட்சிகள் வரிசைப்பட்டு, பொருள் விளங்கி, ஒரு படமென முற்றுப்பெற்று மக்கள் முன் வந்தன என்று எண்ணிப் பார்த்தல் தகும். எடுத்தது ஏராளம், தொகுத்தது சிறிது, முடித்தது அதனினும் சிறிது. இக்குறையை நினைக்குந்தோறும் நம் உள்ளத்தில் எழும் ஒரு பெரியாரின் வரலாற்றை, மாணவர் பொருட்டு ஈண்டுச் சுருங்க வரைகின்றோம். அவரே உலகம் சுற்றிய தமிழர் எனப் புகழ்பெற்ற ஏ. கே. செட்டியார் ஆவர்.

செட்டியாரவர்கள் 1911-ஆம் ஆண்டு செட்டிநாட்டைச் சேர்ந்த கோட்டையூரில் பிறந்தவர். கருப்பன் என்பது அவர் இயற்பெயர். வாணிபத்தின் பொருட்டுக் கடல் கடந்து செல்லுதல் அவர் மரபினர்க்குப் புதிதன்று. பர்மாவும் மலேயாவும் இலங்கையும் அவர்கட்கு அண்டை வீடுகள் போல்வன. கருப்பனாரும் இளமையிலேயே கடல் கடந்தார். ஆனால் அவர் நாட்டம் வட்டிக்கடைப் பேரேட்டில் செல்லாது எழுத்திற் சென்றது. இரங்கூனிலிருந்து வெளிவந்த தனவணிகன் என்னும் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பை ஏற்று நடத்தினார். பிறர் எழுதியவற்றைப் படித்து, வேண்டாதன நீக்கி, வேண்டுவன நிறுத்தி, முறைப்படுத்தி அச்சேற்றும் பத்திரிகைப் பணியே அவர் பெற்ற முதற் பயிற்சி. பின்னாளில் படச்சுருளைக் கொண்டு அவர் செய்த பெரும்பணிக்கு இதுவே வித்தாயிற்று என்று நாம் கருதுகிறோம்.

பத்திரிகைத் தொழிலினின்று அவர் உள்ளம் ஒளிப்படக் கலையின்பாற் சென்றது. அதனை நன்கு கற்கவேண்டி 1930-களின் நடுவில் ஜப்பான் சென்று டோக்கியோ நகரிலும், பின்னர் அமெரிக்கா சென்று நியூயார்க் நகரிலும் பயின்றார். அந்நாளில் தமிழ்நாட்டு இளைஞர் மேல்நாடு செல்வதாயின் சட்டமோ மருத்துவமோ அரசாங்க உத்தியோகத் தேர்வோ குறித்தே சென்றனர். படம் பிடிக்கக் கற்பதற்காக ஒருவர் இருபெருங் கடல்களைக் கடந்தார் என்றால், அஃது அக்காலத்தார்க்கு வியப்பாகவே இருந்திருக்கும்.

1937-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், நியூயார்க்கினின்றும் அயர்லாந்தின் டப்ளின் நகர் நோக்கிச் சென்ற சமாரியா என்னும் கப்பலில் அவர் பயணஞ் செய்துகொண்டிருந்தார். அந்நாள் காந்தியடிகள் பிறந்த நாள். அடிகளுக்கு அன்று அறுபத்தெட்டு ஆண்டு நிறைந்தது. அட்லாண்டிக் மாகடலின் நடுவே, அடிகளின் வாழ்க்கையை ஒரு முழுநீளச் செய்திப்படமாக ஆக்கவேண்டும் என்னும் எண்ணம் செட்டியார் உள்ளத்தில் உதித்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தாறும் நிரம்பவில்லை. பெருஞ்செல்வமோ படக்கம்பெனியோ அரசாங்க ஆதரவோ அவரிடம் இல்லை.

அவர் எடுத்த காரியத்தின் அருமையை நோக்குவோம். காந்தியடிகள் சினிமாவை விரும்பாதவர்; இந்திய சினிமாவைப் பற்றி விசாரிக்க 1927-ஆம் ஆண்டு அரசினர் அமைத்த குழு அனுப்பிய வினாக்களுக்கும், தமக்கு அதன்பால் நன்மதிப்பில்லை என்றே விடை விடுத்தவர். படக்கருவியின் முன் வேண்டுமென்று நின்று கோலங்காட்டும் வழக்கமும் அவரிடம் இல்லை. நாடகப் படமாயின் காட்சி சரியாக அமையாவிடில் மறுமுறை எடுக்கலாம்; நடிகரை மீண்டும் வரவழைக்கலாம். அடிகளோ 1930-ஆம் ஆண்டில் தண்டிக்கு ஒருமுறையே நடந்தார். 1931-ஆம் ஆண்டில் வட்டமேஜை மகாநாட்டிற்கு ஒருமுறையே இலண்டன் சென்றார். நம் திருநெல்வேலிச் சீமைக்கு 1934-ஆம் ஆண்டு ஜனவரியில் ஹரிஜன யாத்திரையாக வந்ததும் அவ்வாறே. நடந்தது நடந்தபடியே எவரேனும் பிடித்திருந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. ஆகவே செட்டியார் மேற்கொண்டது படம் எடுக்கும் தொழிலைக் காட்டிலும் படம் தேடும் தொழிலும், தேடியதைத் தொகுக்கும் தொழிலுமே ஆகும்.

இதற்கென டாக்குமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட் என்னும் கம்பெனியை அவர் நிறுவினார். பின்னர் அடிகளின் அடிச்சுவடு பதிந்த இடமெல்லாம் சென்று தேடலுற்றார். அடிகள் சத்தியாக்கிரகம் என்னும் அறப்போர் முறையை முதன்முதல் கண்ட தென்னாப்பிரிக்காவிற்கும் சென்றார், ஐரோப்பாவிற்கும் சென்றார், இந்தியாவின் பல மாகாணங்களிலும் அலைந்தார். செய்திப்படக் கம்பெனிகளின் கிடங்குகளிலும் தனிப்பட்டோர் பெட்டிகளிலும் உறங்கிக்கிடந்த சுருள்களை ஒவ்வொன்றாக நாடிப் பெற்றார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில், சுமார் நூறு பேர் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு நோக்கத்தோடு எடுத்த படங்கள் அவை. அவற்றோடு, டாக்டர் பி. வி. பதி போன்ற தேர்ந்த ஒளிப்பதிவாளரைக் கொண்டு புதிதாக எடுத்தனவும் சேர்ந்தன. இங்ஙனம் அவர் கையில் குவிந்த படச்சுருளின் நீளம் சுமார் 50,000 அடி.

இத்தொகையின் பொருளை மாணவர் கணக்கிட்டறிதல் நன்று. முப்பத்தைந்து மில்லிமீட்டர் அகலமுள்ள படச்சுருளில் ஓர் அடிக்குப் பதினாறு தனிப்படங்கள் அடங்கும். பேசும்படம் நொடிக்கு இருபத்துநான்கு தனிப்படங்கள் வீதம் ஓடுவது. ஆகவே நிமிடம் ஒன்றுக்குத் தொண்ணூறு அடி செல்லும். 50,000 அடியையும் ஓட்டிக் காட்டினால் ஒன்பது மணி நேரத்திற்கு மேலாகும். செட்டியார் இறுதியில் நிறுத்திக்கொண்டதோ சுமார் 12,000 அடி. அஃதாவது இரண்டேகால் மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவு. நான்கில் ஒரு பங்கு நின்றது. மூன்று பங்கு நீங்கிற்று. நீங்கிய அம்மூன்று பங்கும் வீணானவை அல்ல என்பதை நாம் மறத்தலாகாது. அவை கண்டம் விட்டுக் கண்டம் அலைந்து, பொருள் செலவிட்டு, பலரை இரந்து கேட்டு வாங்கியவை. அவற்றுள் ஒவ்வோர் அடியும் அவர்க்கு ஒரு பயணத்தை நினைவூட்டியிருக்கும். எனினும் நமக்கு அரிதாகக் கிடைத்தது என்பதொன்றே காண்பார்க்கு வேண்டுவது ஆகாது. இவ்வேற்றுமையை உணர்ந்து தாம் அரிதிற் பெற்றதைத் தாமே நீக்குதல் தொகுப்புத் தொழிலின் முதற் கடமை.

நம் பத்தமடைப் பாய் முடைவோரைக் காண்க. ஆற்றங்கரைக் கோரையை அறுத்து, உலர்த்தி, ஓடுநீரில் ஊறவைத்து, மெல்லிய இழையாக வகிர்ந்து, ஒத்த இழைகளை மட்டும் தெரிந்து தறியிற் கோப்பர். அறுத்த கோரை முழுவதையும் கோத்துவிடவேண்டும் என்று அவர் நினைப்பாராயின் பட்டுப்போன்ற பாய் உண்டாகாது. சுமந்து வந்ததன் வருத்தத்தை மறந்து, பாயின் அழகு ஒன்றையே அவர் கருதுகின்றனர். படத்தொகுப்பும் அத்தகையதே.

அக்காலத்துத் தொகுப்பு வேலை எத்துணைக் கடினமானது என்பதையும் இங்குச் சொல்லவேண்டும். இன்று கணினியில் ஒரு காட்சியை வெட்டியபின் அது தவறென்று தோன்றினால் நொடிப்பொழுதில் பழையபடி ஆக்கிக்கொள்கிறோம். அன்றோ கத்தரியால் சுருளை உண்மையாகவே வெட்டவேண்டும். வெட்டிய துண்டின் ஓரத்தில் மருந்துப் பூச்சைச் சுரண்டி, பசை தடவி, அடுத்த துண்டோடு அழுத்தி ஒட்டவேண்டும். முதலில் ஒரு பிரதியை வைத்து இவ்வாறு வெட்டி ஒட்டிப் பார்த்து, மனம் நிறைந்தபின்னரே மூலச்சுருளில் கை வைப்பர். ஒலியோ தனிச்சுருளில் இருக்கும். இரண்டும் இம்மியும் பிசகாமல் ஒத்து ஓடுமாறு அமைத்து, அதன்பின் ஒரே சுருளாகப் பதிப்பிக்கவேண்டும். மேலும், அந்நாளைய சுருள் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனது. சிறு பொறி பட்டாலும் குபீரெனப் பற்றிக்கொள்வது. பற்றியபின் நீரால் அவிப்பதும் அரிது.

பலர் எடுத்ததைத் தொகுப்பார்க்கு வேறோர் இடர்ப்பாடும் உண்டு. பேசாப்படக் காலத்துக் கருவிகள் பெரும்பாலும் நொடிக்குப் பதினாறு தனிப்படங்களையொட்டிய வேகத்திலேயே படமெடுத்தன. அவற்றைப் பேசும்பட வேகத்தில் ஓட்டினால் நடப்பவர் ஓடுவார். கை கூப்புபவர் கை உதறுவார் போல் தோன்றும். வணக்கத்திற்குரியார் ஒருவர் காண்பார்க்கு நகைப்புக்கிடமாகத் தோன்றாதவாறு காத்தல் தொகுப்பாளர் கவலைகளுள் ஒன்றாகும். இன்னும், ஒரு சுருள் தெளிவாகவும் மற்றொன்று மங்கலாகவும் இருக்கும். ஒன்றில் இடப்புறத்தினின்று நடந்து வந்தவர், அடுத்ததில் வலப்புறத்தினின்று வருவார். இவற்றையெல்லாம் ஒரே மனிதரின் ஒரே வாழ்க்கை என்று காண்பார் உணருமாறு வரிசைப்படுத்தல் வேண்டும். அவ்வொருமையை உண்டாக்குவது காலவரிசையும், விளக்கவுரையும், இசையுமே. செட்டியார் தம் படத்திற்குத் தமிழில் விளக்கவுரை அமைத்தார், டி. கே. பட்டம்மாளின் இன்னிசையும் அதில் இடம்பெற்றது.

இனி நாம் பெரிதும் போற்றும் செய்திக்கு வருகிறோம். செட்டியார் இப்படத்தை 1940-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சென்னையில் வெளியிட்டார். எண்ணம் தோன்றிய நாளினின்று மூன்றாண்டும் நிறையவில்லை. காந்தியடிகளோ அப்போது உயிரோடிருந்தார். அவர் வாழ்க்கை முற்றுப்பெறவில்லை. நாட்டின் விடுதலையும் கிட்டவில்லை. 1942-ஆம் ஆண்டுப் போராட்டமும், 1947-ஆம் ஆண்டு விடுதலையும், 1948-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாளின் பெருந்துயரும் பின்னரே நிகழவிருந்தன. முடியாத வாழ்க்கையைப் பற்றிய படத்தை எவ்வாறு முடிப்பது என்று அவர் தயங்கியிருக்கலாம். இன்னும் தேடினால் இன்னும் சில நூறு அடிகள் கிடைக்கும் என்று காலத்தை நீட்டியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. கிடைத்ததைக் கொண்டு செய்யத்தக்கதைச் செய்து, உரிய இடத்தில் நிறுத்தி, மக்கள் முன் வைத்தார்.

அத்துணிவு எவ்வளவு காலத்தாற் செய்தது என்பதை உலக நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. 1939-ஆம் ஆண்டு செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. கடற்பயணம் உயிருக்கு அஞ்சவேண்டியதாயிற்று. செட்டியார் படம் வெளிவந்த அடுத்த மாதமே இலண்டன் நகரின்மீது ஜெர்மானியர் இரவுதோறும் குண்டு பொழியத் தொடங்கினர். இரண்டாண்டு தாழ்த்துத் தொடங்கியிருந்தால் அச்சுருள்களைத் தேடிச் செல்லக் கப்பலும் கிடைத்திராது. முடிக்காமல் நீட்டியிருந்தால் தொகுத்தவை பெட்டியிலேயே கிடந்து மக்கிப்போயிருக்கவும் கூடும். முழுமை வேறு, முடிவு வேறு. முழுமைக்காகக் காத்திருப்பார் பலர் முடிவையும் காணார். முடித்துவைத்தாரோ முழுமையை நோக்கி மீண்டும் நடக்க வல்லராவர். செட்டியார் வாழ்விலேயே இதற்குச் சான்றுண்டு. தமிழ்ப் படத்திற்குப்பின் தெலுங்கு விளக்கவுரையோடும் அது வெளிவந்தது. நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டில் இந்திப் பதிப்பு டில்லியில் திரையிடப்பட்டது. 1953-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அது மறுபடி தொகுக்கப்பெற்று, குவென்டின் ரெய்னால்ட்ஸ் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளரின் ஆங்கில விளக்கவுரையோடு வெளிவந்தது. முதற்படம் முடிந்திராவிடில் இவற்றுள் ஒன்றும் தோன்றியிராது.

ஆயினும் இவ்வரலாற்றில் ஒரு துயரமும் கலந்திருக்கிறது. போர்க்காலத்து அரசாங்கக் கெடுபிடியில் தமிழ்ப் படம் நெடுநாள் உலவ இயலவில்லை. பின்னர் அதன் பிரதிகள் இருந்த இடம் தெரியாமற் போயிற்று. உலகெங்கும் சிதறிக்கிடந்ததை ஒன்றாகத் திரட்டியவரின் படமே சிதறிப்போனது விதியின் விளையாட்டுப் போலும்! அப்படம் உருவான வரலாற்றைச் செட்டியாரே எழுதியிருந்தார். அக்கட்டுரைகளைத் தேடித் தொகுத்து அண்ணல் அடிச்சுவட்டில் என்னும் நூலாகப் பதிப்பித்தவர் வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி. இவர் நம் திருநெல்வேலியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப்பணி ஆற்றியவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும். ஆங்கிலப் பதிப்பு அமெரிக்கப் பல்கலைக்கழகச் சேமிப்பிற் கிடந்ததும் அவருடைய தேடலாலேயே வெளிப்பட்டது. இதனால் நாம் அறிவது யாதெனின், படத்தை முடித்தலோடு கடமை தீர்வதில்லை. முடித்ததைக் காத்தலும் தொழிலின் ஒரு கூறே என்பதாம்.

படத்திற்குப் பின்னரும் செட்டியார் ஓய்ந்திருக்கவில்லை. 1943-ஆம் ஆண்டில் குமரி மலர் என்னும் மாத வெளியீட்டைத் தொடங்கி, 1983-ஆம் ஆண்டில் தாம் மறையுமளவும் நாற்பதாண்டு நடத்தினார். அதிலும் அவர் கையாண்ட முறை தொகுப்பு முறையே. பழைய பத்திரிகைகளிலும் நூல்களிலும் புதைந்து கிடந்த அரிய கட்டுரைகளைத் தோண்டியெடுத்து மறுபடி அச்சிட்டுத் தமிழுலகிற்கு வழங்கினார். தமிழ்நாட்டைப் பற்றிப் பலர் எழுதிய பயணக் கட்டுரைகளையும் ஒரு பெருநூலாகத் தொகுத்தார். தாம் எழுதிய பயண நூல்களிலோ தம்மைப் பற்றிய பேச்சுக்கு மிகச் சிறிதே இடமளித்தார். எத்தனையோ பேரைப் படம் பிடித்த அவருடைய படங்கள் நமக்குக் கிடைப்பன சிலவே. வேண்டாத காட்சியை நீக்கக் கற்றவர் இறுதியில் தம்மையும் நீக்கிக்கொள்ளக் கற்றார் என்றே நாம் கொள்கிறோம். தொகுப்புக் கலையின் உச்சி இதுவேயாம்.

நம் மாணவர்க்கு இவ்வரலாற்றினின்று நாம் கூறவிரும்புவன சில. எடுத்த காட்சிகளை முதலில் முழுவதும் பொறுமையாகப் பாருங்கள்; ஒவ்வொன்றிற்கும் நாளும் இடமும் உள்ளடக்கமும் குறித்து ஏடு எழுதுங்கள். இப்படம் சொல்லவந்தது யாது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி, தொகுக்கும் மேசையின் முன் ஒட்டிவையுங்கள். அவ்வாக்கியத்திற்கு உதவாத காட்சி எத்துணை அழகியதாயினும், அதனை எடுக்க வெயிலில் எத்தனை நாழிகை நின்றிருப்பினும், விடை கொடுத்தனுப்புங்கள். விளக்கவுரையை உரக்கப் படித்துப் பாருங்கள். கண் காண்பதையே வாய் மீண்டும் சொல்லுமாயின் அச்சொற்களை நீக்குங்கள். படத்தின் பொருளை அறியாத ஒருவரைக் காணச் செய்து, அவர் எங்கே மயங்குகிறார் என்று கவனியுங்கள். முடிக்கும் நாளைத் தொடங்கும்போதே குறித்துக்கொள்ளுங்கள். முடித்தபின் மூன்று பிரதிகள் செய்து, வெவ்வேறிடத்தில் வையுங்கள். ஒன்றையேனும் கல்லூரி நூல்நிலையத்திற்குத் தாருங்கள்.

பொதிகையில் ஊற்றெடுக்கும் தாமிரபரணி புன்னைக்காயலருகே கடலிற் கலப்பதற்குமுன் எட்டு அணைக்கட்டுகளைக் கடக்கிறது. அவ்வணைகள் நீரைத் தடுத்து வாய்க்கால்களில் திருப்பியமையாலன்றோ நம் வயல்கள் விளைந்தன? பெருகுவது நீரின் இயல்பு. அதனைப் பயிருக்கு உரிய அளவாக்குவது மனிதர் செயல். காட்சிகள் பெருகிக் கிடக்கும் இந்நாளில் நம் இளைஞர்க்கு வேண்டுவது அத்தகைய அணையே. 2023-ஆம் ஆண்டின் வெள்ளத்தைப் பதிந்த காட்சிகள் நம்மிடையே இன்னும் பல பெட்டிகளில் உறங்குகின்றன. அவற்றிற் காணப்படும் கரைகளும் வீடுகளும் முகங்களும் மறுமுறை அவ்வாறே வரப்போவதில்லை. அவற்றைத் தேடித் திரட்டி, தெரிந்து தொகுத்து, இவ்வாண்டிற்குள் ஒரு படமாக முடித்துத் தருவார் நம் கல்லூரியில் எழுவாராக.